பூட்டை உடைக்காமல் சாவியைத் தேடுவோம்



வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தும், ஒன்றில் உள்ள கோப்பை மற்றொன்றில் திறக்க முடியாமல் தவிக்கும் குடும்பங்களுக்காகவே இந்த மாதப் பகுதியை ஒதுக்கியிருக்கிறோம். கணினித் துறையில் படித்தவர்களுக்காக இதை எழுதவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உம்மாவும், கடையைப் பார்த்துக்கொள்ளும் வாப்பாவும், படிக்கும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துச் செய்துபார்க்கலாம்.

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ, கடையும் வீடும் ஒரே கட்டடத்தில் இருக்கும் குடும்பம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே கடை, மேலே குடியிருப்பு. கடன் கணக்கும் கொள்வனவுக் கணக்கும் எழுதக் கடையில் ஒரு மேசைக் கணினி. உயர்தரம் படிக்கும் மகளுக்கு மேலே ஒரு லெப்டொப். பிரிண்டர் கீழேதான் இருக்கிறது. ஒரு வினாத்தாளை அச்சிட வேண்டுமானால் பிள்ளை பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறாள். இரவில் கணக்குப் பார்க்க வேண்டுமானால் வாப்பா அதே பென் டிரைவைத் தேடுகிறார். கடைக்கும் வீட்டுக்கும் பாடசாலைக்கும் தொடர்பகத்துக்குமாக அலையும் அந்தப் பென் டிரைவ், போகும் இடமெல்லாம் வைரசையும் சேர்த்துக்கொண்டு வருகிறது.

"இரண்டு கணினியும் ஒரே வைஃபையில்தானே இருக்கின்றன, ஒன்றிலிருந்து மற்றொன்றைத் திறக்கலாமே" என்று யாரோ சொல்கிறார்கள். சொன்னது சரிதான். ஆனால் செய்துபார்த்தால் பக்கத்துக் கணினியின் பெயரே தெரிவதில்லை. தெரிந்தாலும் கடவுச்சொல் கேட்கிறது. கொடுத்தால் பிழை என்கிறது. மூன்று இரவுகள் இப்படியே கழிகின்றன. நான்காம் நாள் "எனக்குத் தெரியும்" என்று ஒரு மச்சான் வந்து, பயர்வோலை நிறுத்தி, கடவுச்சொல்லை எடுத்துவிட்டு, முழு டிரைவையும் எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டுப் போகிறார். கோப்பு திறக்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மச்சான் செய்தது அதைத்தான். அந்த டிரைவில் என்னென்ன இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப்பாருங்கள். அடையாள அட்டைப் பிரதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், கடையில் யார் எவ்வளவு கடன் என்ற விபரம், வீட்டுப் பெண்பிள்ளைகளின் கல்யாண வீட்டுப் புகைப்படங்கள். உங்கள் வைஃபை கடவுச்சொல் கடைப் பையனுக்கும் தெரியும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும், போன பெருநாளைக்கு வந்த விருந்தாளிகள் அனைவருக்கும் தெரியும். அவர்களில் யாரும் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவர்களில் ஒருவருடைய கணினியில் கெட்ட மென்பொருள் ஒன்று புகுந்திருந்தாலே போதும்.

ஆகவே கதவு ஏன் பூட்டியிருக்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். பிறகு சாவியைத் தேடுவோம்.

கதவு பூட்டப்பட்ட கதை

ஒரு கணினியிலுள்ள கோப்பை மற்றொன்றிலிருந்து திறப்பதற்கான எஸ்.எம்.பி. என்ற முறையை 1980களின் முற்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய பாரி பைகன்பாம் என்பவர் உருவாக்கினார். அதைப் பின்னர் மைக்ரோசொப்ட் எடுத்து வளர்த்தது. விண்டோஸ் கணினிகள் இன்றும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்வது அந்த முறையின் வழிவந்த பதிப்புகளால்தான். 1990களின் முற்பகுதியில் அவுஸ்திரேலியாவில் அன்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர், விண்டோஸ் அல்லாத கணினிகளும் இதே மொழியில் பேசுவதற்கான மென்பொருளை எழுதத் தொடங்கினார். பின்னாளில் அது சம்பா என்ற பெயரில் உலகெங்கும் பரவியது.

அக்காலத்தில் ஒரு வலையமைப்பு என்றால் ஓர் அலுவலகம், நான்கு சுவர், தெரிந்த ஆட்கள். எனவே பூட்டைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் வீட்டுப் பதிப்பு, வலையமைப்பு வழியாக வந்தவர் யாராக இருந்தாலும் "விருந்தாளி" என்று ஏற்றுக்கொண்டது. 2009இல் வந்த விண்டோஸ் 7, ஹோம்குறூப் என்ற எளிய வசதியைத் தந்தது. ஒரே ஒரு கடவுச்சொல்லை வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளிலும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

2017 மே 12ஆம் திகதி நிலைமை மாறியது. வன்னகிரை என்னும் கெட்ட மென்பொருள், எஸ்.எம்.பி.யின் மிகப் பழைய முதலாம் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகக் கணினி விட்டுக் கணினி தாவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. 150க்கு மேற்பட்ட நாடுகளில் பரவியது. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகளில் ஏறத்தாழ 19,000 நோயாளர் சந்திப்புகள் இரத்தாகின. இதில் வேதனையான விடயம், அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே, 2017 மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. பெற்றுக்கொள்ளாத கணினிகளே பலியாகின.

அதன்பின் பூட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. 2017 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பைப் புதிதாக நிறுவினால் அந்தப் பழைய முதலாம் பதிப்பு அதில் முழுமையாக இருக்காது. 2018 ஏப்ரலில் ஹோம்குறூப் நீக்கப்பட்டது. 2024 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 11 பதிப்பின் புரோ வகை, பெயரும் கடவுச்சொல்லும் இல்லாத விருந்தாளி நுழைவைத் தானாக ஏற்பதில்லை. "முன்பெல்லாம் நன்றாக வேலை செய்தது, புதுக் கணினி வாங்கியபின்தான் கெட்டுப்போனது" என்று சொல்பவர்களுக்கு விடை இதுதான். எதுவும் கெட்டுப்போகவில்லை. முன்பு கேட்காத கேள்விகளைக் கணினி இப்போது கேட்கிறது. நாம் அவற்றுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும்.

இணையம் வேறு, வீட்டு வலை வேறு

இன்னொரு மயக்கத்தையும் தீர்த்துக்கொள்வோம். ஒரே தோட்டத்தில் மேல் டிவிஷனிலிருந்து கீழ் டிவிஷனுக்கு ஒரு சாமானை அனுப்புவதற்கு ஹட்டன் டவுனுக்குப் போக வேண்டியதில்லை. அதைப்போல மாடியிலுள்ள லெப்டொப்புக்கும் கடையிலுள்ள கணினிக்கும் இடையில் கோப்பு போகும்போது, அது உங்கள் வீட்டு ரவுட்டரைத் தாண்டிப் போவதில்லை. எனவே டேட்டா செலவாகாது. இணையம் இல்லாத நேரத்திலும் ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைப் புரட்டிப்போட்டபோது பல ஊர்களில் வெளியுலகத் தொடர்பு அறுந்தது. அப்படியான நேரத்திலும் வீட்டுக்குள் கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்குத் தடையில்லை. ஆகவே "நெட் இல்லை, அதுதான் திறக்கவில்லை" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். காரணம் வேறெங்கோ இருக்கிறது.

பதறாத காரியம் சிதறாது. கீழே ஐந்து கேள்விகள் தருகிறோம். வரிசை மாறாமல் கேளுங்கள். ஒன்றுக்கு "ஆம்" என்று விடை வந்தபிறகே அடுத்ததற்குப் போங்கள். பேச்சு விளங்குவதற்காகக் கோப்பு இருக்கும் கணினியைக் "கடைக் கணினி" என்றும், அதைத் திறக்க விரும்பும் கணினியை "மாடிக் கணினி" என்றும் சொல்வோம்.

முதலாம் கேள்வி: இரண்டும் ஒரே வலையில் இருக்கின்றனவா?

வைஃபை பெயரைப் பாருங்கள். ஒரு கணினி வீட்டு ரவுட்டரிலும் மற்றது கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டிலும் இருந்தால் ஒன்றையொன்று காணாது. ரவுட்டரில் "கெஸ்ட்" என்ற பெயருடன் தனி வைஃபை இருந்தால், அதில் இணைந்தவர் வீட்டுக் கணினிகளைக் காணாதபடியே அதை அமைத்திருப்பார்கள்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் போதாது, முகவரியையும் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, கொமாண்ட் ப்ரொம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, ஐபிகான்பிக் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஐபிவி4 என்ற வரியில் 192.168.1.20 என்பதுபோல் நான்கு எண்கள் வரும். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் முதல் மூன்று எண்களும் இரு கணினிகளிலும் ஒன்றாக இருக்கும். 169.254 என்று தொடங்கினால் அந்தக் கணினிக்கு ரவுட்டர் முகவரியே கொடுக்கவில்லை என்று பொருள். கேபிளைக் கழற்றிப் பூட்டுங்கள், அல்லது வைஃபையைத் துண்டித்து மீண்டும் இணையுங்கள்.

மலையகத்து வீடுகளில் அடிக்கடி காணும் சிக்கல் இரண்டாவது ரவுட்டர். பழைய காலத்துத் தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபை போகாது. ஆகவே பழைய ரவுட்டர் ஒன்றைக் கேபிள் இழுத்து மாடியில் வைக்கிறார்கள். கேபிளை அதன் "வான்" துளையில் செருகினால் மாடியில் ஒரு தனி வலை உருவாகிவிடும். இணையம் வரும், ஆனால் கடையிலிருந்து மாடிக் கணினியைக் காண முடியாது, பெயர்ப் பட்டியலும் இரண்டாகப் பிரிந்துவிடும். கேபிளை "லான்" துளை ஒன்றில் செருகி, முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. வேலையை அந்த இரண்டாவது ரவுட்டரில் நிறுத்தி, அதற்கு முதல் ரவுட்டரோடு மோதாத ஒரு முகவரியும் கொடுத்துவிட்டால் இரண்டு வலையும் ஒன்றாகும்.

இரண்டாம் கேள்வி: மாடியிலிருந்து கடையைத் தொட முடிகிறதா?

முதலில் கடைக் கணினி விழித்திருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்ச நேரம் பாவிக்காவிட்டால் கணினி தூங்கிவிடும். தூங்கும் கணினி கதவைத் திறக்காது. "காலையில் திறந்தது, பகலில் திறக்கவில்லை" என்பதற்கு முக்கிய காரணம் இதுவே. கடை திறந்திருக்கும் நேரத்தில் தூங்காதபடி பவர் அமைப்பில் மாற்றுங்கள்.

அடுத்து, நெட்வேர்க் என்ற பகுதியில் பெயர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மாடிக் கணினியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் மேலுள்ள முகவரிப் பட்டையில், இரண்டு பின்சாய்கோடுகளுடன் கடைக் கணினியின் முகவரியை நேராகத் தட்டுங்கள்:

\\192.168.1.20

இதைக் கட்டாயம் செய்துபாருங்கள். முகவரி மூலம் திறந்து, பெயர் மட்டும் தெரியாவிட்டால், வலையிலும் பூட்டிலும் கோளாறு இல்லை. கணினிகள் தம் பெயரை அறிவித்துக்கொள்ளும் வேலை மட்டுமே நடக்கவில்லை. கடைக் கணினியில் சர்விசஸ் என்ற பட்டியலைத் திறந்து, "ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்" என்பதைத் தானாக இயங்கும்படி வைத்தால் பெயர் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டாலும் நஷ்டமில்லை. அந்த முகவரிக்கே டெஸ்க்டொப்பில் ஒரு குறுக்குவழி வைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் சில நாளில் முகவரியை மாற்றிக் கொடுக்கக் கூடும். கடைக் கணினிக்கு எப்போதும் ஒரே முகவரியைக் கொடுக்கும்படி ரவுட்டரிலேயே பதிந்து வைக்கலாம்.

மூன்றாம் கேள்வி: இது வீடா, தெருவா?

புதிய வைஃபையில் இணையும்போது விண்டோஸ் அதைப் "பப்ளிக்" என்று, அதாவது தெரு என்று வைத்துக்கொள்வதுண்டு. தெருவில் நிற்கும்போது கணினி தன் கதவுகளைச் சாத்திக்கொள்ளும். அது நல்ல பழக்கமே. ஹோட்டலிலோ பஸ் நிலையத்திலோ அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் சொந்த வீட்டிலும் கணினி தன்னைத் தெருவில் நிற்பதாக நினைத்துக்கொண்டால் பகிர்வு நடக்காது.

செட்டிங்ஸ் சென்று, நெட்வேர்க் அண்ட் இன்டர்நெட் பகுதியில் உங்கள் வைஃபையின் ப்ரொபர்ட்டீஸைத் திறந்தால், பப்ளிக், பிரைவேட் என்று இரண்டு தெரிவுகள் இருக்கும். வீட்டு வைஃபைக்கு மட்டும் பிரைவேட் என்று மாற்றுங்கள். பிறகு அட்வான்ஸ்ட் ஷெயாரிங் செட்டிங்ஸ் என்பதில், பிரைவேட் பகுதியின் கீழ் நெட்வேர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷெயாரிங் ஆகிய இரண்டையும் இயக்குங்கள். விண்டோஸ் 11இன் அண்மைய பதிப்புகளில் இது செட்டிங்ஸுக்கு உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 10இல் கண்ட்ரோல் பெனலில் இருக்கும்.

இந்த இரண்டையும் இயக்கினாலே பயர்வோல் தேவையான கதவை மட்டும் திறந்துகொள்ளும். பயர்வோலை நிறுத்தவே தேவையில்லை. வேறு நிறுவனத்தின் வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தால் அதற்குள்ளும் ஒரு பயர்வோல் இருக்கலாம். அதிலும் இந்த வைஃபையை வீடு என்று குறிப்பிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. லயங்களிலும் வாடகை வீடுகளிலும் நான்கைந்து குடும்பங்கள் ஒரே ரவுட்டரைப் பங்கிட்டுக்கொள்வதுண்டு. செலவைப் பங்கிடுவது நல்லதே. ஆனால் அந்த வைஃபை உங்கள் வீடல்ல, உங்கள் முற்றம். அங்கே "பிரைவேட்" என்று மாற்றினால் எல்லாக் குடும்பங்களின் கணினிகளையும் நம்புகிறோம் என்று பொருள். அப்படிப்பட்ட இடத்தில் பகிர்வு வேண்டுமானால், விலை குறைந்த சிறு ரவுட்டர் ஒன்றை வாங்கி, அதன் வான் துளையைப் பொது ரவுட்டரில் இணைத்து, உங்கள் குடும்பத்துக்கு மட்டும் ஒரு வலை அமைத்துக்கொள்ளுங்கள். முதலாம் கேள்வியில் சிக்கலாக இருந்த அதே இரண்டாவது ரவுட்டர் இங்கே பாதுகாப்பாகிறது.

நான்காம் கேள்வி: நீங்கள் யார் என்று சொல்லிவிட்டீர்களா?

இப்போது கதவு வரை வந்துவிட்டோம். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. பெரும்பாலானோர் களைத்துப்போவது இந்த இடத்தில்தான்.

நன்றாக நினைவில் வையுங்கள். இங்கே கேட்பது கடைக் கணினியிலுள்ள ஒரு கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும். மாடிக் கணினியினுடையதல்ல, வைஃபை கடவுச்சொல்லும் அல்ல. கடைக் கணினியைத் திறக்கும்போது தட்டும் நான்கு இலக்கப் பின் இலக்கமும் அல்ல. பின் இலக்கம் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே. வலை வழியாக வருபவரிடம் அது செல்லாது. கடைக் கணினியில் மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைபவரானால் மின்னஞ்சல் முகவரியையும் அந்தக் கணக்கின் உண்மையான கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும். பின் இலக்கத்தையே வருடக்கணக்காகத் தட்டி வந்ததால் உண்மையான கடவுச்சொல்லை வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டிருப்பார்கள்.

கடவுச்சொல்லே இல்லாத கணக்கும் உதவாது. வெறுமையான கடவுச்சொல்லோடு வலை வழியாக வருபவரை விண்டோஸ் உள்ளே விடாது.

சுலபமான வழி ஒன்று உண்டு. கடைக் கணினியில் பகிர்வுக்கென்றே தனியாக ஒரு சாதாரணக் கணக்கை உருவாக்குங்கள். நிர்வாகி உரிமை கொடுக்க வேண்டாம். பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். நல்ல நீளமான கடவுச்சொல் கொடுங்கள். மாடிக் கணினியில் அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒருமுறை கொடுத்து, நினைவில் வைக்கும்படி அடையாளமிட்டால் மறுமுறை கேட்காது.

முன்பு பிழையாகக் கொடுத்த கடவுச்சொல்லைக் கணினி நினைவில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே கொடுப்பதும் உண்டு. கண்ட்ரோல் பெனலில் கிரெடென்ஷியல் மெனேஜர் என்பதைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸில் கடைக் கணினியின் பெயரிலோ முகவரியிலோ உள்ள பதிவை நீக்கிவிட்டு, மாடிக் கணினியை மீண்டும் தொடக்குங்கள்.

ஐந்தாம் கேள்வி: அந்த அறைக்குள் நுழைய அனுமதி உண்டா?

வீட்டுக்குள் விட்டாலும் எல்லா அறைக்குள்ளும் விடமாட்டோம் அல்லவா? கணினியும் அப்படியே. பகிர்ந்த போல்டருக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று "ஷெயாரிங்", மற்றது "செக்கியூரிட்டி". இரண்டும் அனுமதித்தால்தான் உள்ளே போகலாம். ஒன்று வாசிக்க மட்டும் என்றும், மற்றது எழுதவும் என்றும் இருந்தால், இறுக்கமானதே செல்லும். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு "எல்லாம் கொடுத்துவிட்டேன், இன்னும் மறுக்கிறதே" என்று தவிப்பவர்கள் பலர்.

போல்டரின் மேல் வலப்புறச் சொடுக்குப் போட்டு, ப்ரொபர்ட்டீஸில் ஷெயாரிங் பகுதியைத் திறந்து, அங்குள்ள "ஷெயார்" என்ற பொத்தானைப் பாவியுங்கள். அது இரண்டு பூட்டையும் சேர்த்துச் சரிசெய்யும். பக்கத்திலுள்ள அட்வான்ஸ்ட் ஷெயாரிங் ஒரு பூட்டை மட்டுமே தொடும்.

யாருக்கு எது என்பதை இங்கே முடிவு செய்யலாம். வினாத்தாள்களும் பாடக் குறிப்புகளும் உள்ள போல்டரில் பிள்ளைகளுக்கு எழுதவும் அனுமதி. கணக்குப் போல்டரில் கணக்கு எழுதுபவருக்கு மட்டும் எழுத அனுமதி, மற்றவருக்கு வாசிக்க மட்டும். வீட்டுப் படங்களையும் ஆவணப் பிரதிகளையும் பகிரவே வேண்டாம். பகிர்வுக்கென்று ஒரு போல்டரை உருவாக்கி, தேவையானதை மட்டும் அதில் போடுங்கள். முழு டிரைவை ஒருபோதும் பகிராதீர்கள்.

பிழைச் செய்தியை வாசியுங்கள்

கணினி காட்டும் ஆங்கிலச் செய்தியை வாசிக்காமலே மூடிவிடுவது நம்மிடையே வழக்கம். அந்தச் செய்தியே எந்தக் கேள்வியில் நிற்கிறோம் என்று சொல்லிவிடுகிறது. பாதையைக் காணவில்லை என்று, 80070035 என முடியும் எண்ணோடு செய்தி வந்தால் முதல் மூன்று கேள்விகளுக்குத் திரும்புங்கள். பெயர் அல்லது கடவுச்சொல் பிழை என்றால் நான்காம் கேள்வி. அனுமதி மறுக்கப்பட்டது என்றால் ஐந்தாம் கேள்வி. ஒரே ஆள் இரண்டு பெயரில் நுழைய முடியாது என்று வந்தால், பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. கணினியை மீண்டும் தொடக்கினால் சரியாகும்.

பழைய இயந்திரங்கள் இருந்தால்

விண்டோஸ் எக்ஸ்பி கணினிக்கு எஸ்.எம்.பி.யின் முதலாம் பதிப்பு மட்டுமே தெரியும். பழைய ஸ்கேனர் இயந்திரங்கள் சிலவும், வலைத் தட்டுகள் சிலவும் அப்படியே. அவற்றுக்காகப் புதுக் கணினியில் முதலாம் பதிப்பை மீண்டும் நிறுவும்படி சொல்பவர்கள் உண்டு. வன்னகிரை நுழைந்த கதவு அதுதான் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்தப் பழைய இயந்திரத்துக்கு மட்டும் பென் டிரைவைப் பாவித்துவிட்டுப் போகலாம். விண்டோஸ் 7 கணினிக்கு இரண்டாம் பதிப்பு தெரியும் என்பதால், அதற்காக முதலாம் பதிப்பு தேவையே இல்லை. ஆயினும் விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியும் முடிந்துவிட்டன. ஓட்டைகளுக்கான மருந்து வராத கணினியில் முக்கியமான கணக்குகளை வைத்திருப்பது நல்லதல்ல.

மழையும் மூடுபனியும் உள்ள நம் பிரதேசத்தில் கேபிள் முனைகளில் பச்சை பூத்து, இணைப்பு விட்டுவிட்டு வருவதும் உண்டு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் அதிகம். அப்போது ரவுட்டரின் மின்செருகியை மட்டுமல்ல, வெளியிலிருந்து வரும் செப்புத் தொலைபேசிக் கம்பியையும் கழற்றி வையுங்கள். மின்னலுக்குப் பிறகு ரவுட்டரின் ஒரு துளை மட்டும் பழுதாகியிருக்கலாம். கேபிளை வேறு துளையில் செருகிப் பாருங்கள்.

பகிர்வது வேறு, பாதுகாப்பது வேறு

கடைசியாக ஒன்று. மாடியிலிருந்து திறக்க முடிவதால் கணக்கு இரண்டு இடத்தில் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். கோப்பு ஒன்றுதான், அது கடைக் கணினியில்தான் இருக்கிறது. மாடியில் பிள்ளை கை தவறி அழித்தால் கடையிலும் இல்லை. வலை வழியாக அழித்தது பெரும்பாலும் ரீசைக்கிள் பின்னுக்கும் போவதில்லை. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள் மாடிக் கணினியில் புகுந்தால், எழுத அனுமதி உள்ள போல்டர்களை எல்லாம் அது கடைக் கணினியிலும் பூட்டிவிடும். எழுதும் அனுமதியைக் குறைத்துக் கொடுங்கள் என்று சொன்னதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

ஆகவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளித் தட்டு ஒன்றில் கணக்குகளையும் பாடக் குறிப்புகளையும் பிரதி எடுத்து, உடனே கழற்றி அலமாரியில் வையுங்கள். மாட்டியபடியே இருக்கும் தட்டு பாதுகாப்பு ஆகாது.

பகிர்வுக் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி, ஆவணங்கள் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்பது வாப்பாவுக்கு மட்டுமன்றி உம்மாவுக்கும் மூத்த பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும். வைஃபை கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். விருந்தாளிகளுக்குக் கெஸ்ட் வைஃபையைக் கொடுங்கள். மச்சான் நிறுத்திவிட்டுப் போன பயர்வோல் இன்னும் நின்றபடியே இருந்தால், இந்தப் பக்கத்தை மூடி வைப்பதற்கு முன் எழுந்துபோய் அதை இயக்கிவிட்டு வாருங்கள்.